வெட்டுக் கணக்கு

மூச்சு முட்டுதா என்று டாக்டர் பெர்லின் கேட்டபோது
இல்லை என்றேன்.
தலைசுற்றல்? இல்லை. நெஞ்சு வலி?
அதுவும் இல்லை, சார்.
முந்நூறு மரத்தை இருநூற்று நாற்பதாகக் குறைத்ததை
அவர் கேட்கவில்லை.
கீரிப்பாறையில் கங்காணி சுயம்பு கேட்டார்.
மழை என்றேன்.
மழையும் பெய்துகொண்டுதான் இருந்தது.

எக்கோவில் வால்வு சுருங்கிக் கிடந்தது.
மூன்று இதழ் இருக்க வேண்டிய இடத்தில்
பிறவியிலேயே இரண்டுதானாம்,
அதிலும் சுண்ணாம்பு.
ஐம்பத்தொரு வருசம் அந்த இடுக்கு வழியே
ரத்தத்தைத் தள்ளித் தள்ளி
நெஞ்சின் சுவர் தடித்திருக்கிறது.
"சுவருக்குள்ள என்ன நடந்திருக்குன்னு பாக்கணும்."
எக்கோவுக்கு அது தெரியாதாம்.
நானும் தெரிவிக்கவில்லை.

நாகர்கோவில் ஸ்கேன் சென்டரில்
கம்மல், கொலுசு, மின்னு, கொண்டை ஊசி
எல்லாம் ஒரு டப்பாவில் போடச் சொன்னாள் அபிஷா.
"உடம்புக்குள்ள இரும்பு ஏதாவது உண்டா?"
தொண்ணூற்றெட்டில் பால்கத்தி முனை ஒடிந்து
உள்ளங்கையில் இருந்தது. எடுத்தாயிற்று.
சொன்னேன். எழுதிக்கொண்டாள்.
உண்மை சொல்வது அத்தனை கஷ்டமில்லை,
கேள்வி சரியாக இருந்தால்.

குழாய்க்குள் போனேன்.
விடிகாலை மூன்று மணித் தோட்டத்தைவிட இருட்டில்லை,
ஆனால் நெற்றியில் விளக்கு இல்லை.
ஷீட் அடிக்கிற மெஷினுக்குள்
யாரோ கல்லள்ளிப் போட்டதுபோல் சத்தம்.
அது ஓய்கிற இடைவெளியில் அபிஷாவின் குரல்:
மூச்சை இழுங்க. விடுங்க.
அப்படியே நிறுத்துங்க.
நிறுத்தினேன்.
இருநூற்று நாற்பத்தொன்றாவது மரத்தடியில்
யாரும் சொல்லாமலே நிற்கிற மூச்சுதான்.

அப்புறம் ஊசி.
கை வழியே ஒரு குளிர் ஏறிற்று.
பத்து நிமிசம் சும்மா கிடக்க வேண்டும்.
மருந்து நல்ல சதையில் தங்காதாம்,
வந்த வேகத்தில் கழுவிக்கொண்டு போய்விடுமாம்.
தழும்பில் மட்டும்
வெளியேற வழி தெரியாமல் தயங்குமாம்.
தயங்குகிற இடத்தைப் படம் பிடிப்பார்கள்.

மறுநாள் டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.
கறுப்பாக ஒரு வளையம். அது நல்ல சதை.
வளையத்தின் உள்ளே, சுவரின் நடுவாட்டில்,
வெள்ளையாக ஒரு கீற்று.
"கொள்ளாமே" என்றேன். வாய் தவறிற்று.
இருட்டில், இப்போது வெட்டின பட்டையில்
முதல் பால் ஊறி ஓடுவது அப்படித்தான் இருக்கும்.
அந்த வெள்ளைக்காகத்தான்
இருபத்தாறு வருசமாக எழும்புகிறேன்.
இங்கே வெள்ளை என்றால் கேடு என்று
கண்ணுக்குப் புரிய நேரமாயிற்று.

"இது ஆறுமா?"
"வால்வை மாத்தினா சுவரோட தடிப்பு குறையும்.
இந்தக் கீற்று இப்படியேதான் இருக்கும்.
விட்டா, கூடும்."

எனக்கு இதை விளக்க வேண்டாம்.
பட்டையோடு நின்ற வெட்டு
ஏழெட்டு வருசத்தில் புதுப்பட்டை கட்டும், மறுபடி வெட்டலாம்.
தடியைத் தொட்ட வெட்டு முண்டாகும்.
முண்டில் கத்தி வழுக்கும், பால் வராது.
எத்தனை முண்டுக்கு என் கூலியில் பிடித்திருக்கிறார்கள்!
இந்த முண்டை யார் பெயரில் எழுதுவது?

இலை உதிர்கிற மாசத்தில் வைக்கலாமா என்று கேட்டேன்.
மாசியில் வெட்டு இல்லை, கூலி நஷ்டமில்லை.
இது புரட்டாசி.
அவர் காலண்டரைப் பார்க்கவில்லை,
திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு என்னை.
"புஷ்பலீலா, போன வருசம் செய்த வேலையை
இந்த வருசமும் செய்ய முடியுதா?"

"அறுபது மரம், சார்."

அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் பேனாவை எடுத்தார்.

சித்திரையில் இருபது.
ஆடியில் முப்பது.
போன வாரம் பத்து.
மழையில்லாத நாளும் சேத்துதான்.