அரைப் பேர்

போன தையைப் பற்றிக் கேட்டால்
முதலில் தண்ணீரைத்தான் சொல்வேன்.
கலங்கல்.
மேற்பிரிவில் லீக்ஸ் போட்டவர்கள் கரையை வெட்டிவிட்டார்கள்.
மார்கழி மழை அந்த மண்ணையெல்லாம் இழுத்து வந்து
எங்கள் குளத்தில் கொட்டியது.
அதற்கு முந்தின வருடம்
தவறி விழுந்த ஐந்து ரூபாய்க் குற்றி
பதினோரடிக்குக் கீழே
பூவா தலையா என்று தெரிந்தது.
போன வருடம் கையை விட்டால்
முழங்கைக்குக் கீழே கை இல்லை.

அக்கரப்பத்தனைக்கு மேலே பனி விழுந்து
பதினாறு நாள் கொழுந்து கருகிக் கிடந்தது.
பெரட்டுக் களத்தில் கங்காணி கையை விரித்தார்.
குளத்துக்குப் போனோம்:
நான், வீரமலை, அவன் அக்கா செம்பகவள்ளி.

ஆயுதம் என்று பெரிதாக ஒன்றுமில்லை.
மலையில் முள்ளுக் குத்துகிற அதே முள்ளுதான்.
ஸ்டோரில் பிட்டரைப் பிடித்துப் பல்லை நிமிர்த்தி
நுனியில் கொக்கி கொத்தி வாங்கியிருந்தோம்.
இரண்டு டீசல் பீப்பாய், நாலு பலகை,
நடுவில் ஓட்டை,
மேலே கொழுந்துச் சாக்கால் ஒரு கூடாரம்.
உள்ளே குப்புறப் படுத்தால் இருட்டு.
வெளிச்சம் கீழே தண்ணீருக்குள்ளிருந்து
மேலே வரும்.

விடியலில் நாணல் ஓரம் ஐஸ் தோல் கட்டியிருக்கும்.
தெப்பத்தைத் தள்ளினால்
அப்பளம் நொறுங்குகிற சத்தம்.
ஓடை வந்து விழும் மூலையில் மட்டும்
நாலடி தெளிவு. அங்கே
பங்களாக் குப்பையில் பொறுக்கிய ஏழு வெள்ளைப் பீங்கானை
அடியில் பரப்பிவைத்தோம்.
பீங்கான் ஒன்று அணைந்தால்
அதற்கு மேல் மீன் நிற்கிறது.

பதினாறு நாளில் மூன்று கெண்டை.
ஓர் ஆமை, அதை விட்டுவிட்டோம்.
ஒரு சப்பாத்து, இடது கால்.
பெரிய கெண்டையைக் கொழுந்துத் தராசில் மாட்டியபோது
நிறுக்கிறவர் பழக்கதோஷத்தில்
ஈரத்துக்கு இரண்டு கிலோ கழித்து எழுதினார்.
அவரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம்,
அழித்து எழுதச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.
மூன்று வீட்டுக்குப் பங்கு பிரித்ததில்
ஆளுக்கு அரைப் பேர்கூடத் தேறாது.

பதினாலாம் நாளைச் சொல்லாமல் முடியாது.
செம்பகவள்ளி படுத்திருந்தாள். முள்ளு அவள் கையில்.
நான் அவள் காலைப் பிடித்திருந்தேன்,
குத்துகிற வேகத்தில் உள்ளே போய்விடக்கூடாதே என்று.
"ஒண்ணு" என்றாள்.
"ரெண்டு."
நாலு வரைக்கும் சத்தமாகச் சொன்னாள்.
பிறகு சொல்லவில்லை.
கணுக்கால் நரம்பு மட்டும் என் விரலுக்குள் துடித்தது.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
ஸ்டோர் சங்கு ஊதியது.
எழுந்து வந்தாள், முள்ளு நனையவில்லை.

ஏன் என்றதற்கு அன்றைக்கு,
தலை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்றாள்.
மாசித் திருவிழாவில், கை விறைத்துவிட்டது என்றாள்.
போன வாரம் வீரமலை மறுபடி கேட்டான்.
ஏழும் அணைந்ததே, அதற்குமேல் என்ன கேள்வி
என்று கறியைக் கிண்டப் போய்விட்டாள்.

இந்தத் தையில் பனி இல்லை.
கொழுந்து கொழிக்கிறது, ஞாயிறும் பேர் போடுகிறார்கள்.
முள்ளு மலைக்குத் திரும்பிவிட்டது.
நிமிர்த்திய பல் மண்ணில் ஒழுங்காக இறங்கவில்லை என்று
சுப்பர்வைசரிடம் தினமும் ஏச்சு.

குளமோ பளிங்காகக் கிடக்கிறது.
வேலைக்குப் போகும்போது
கட்டில் ஒரு நிமிஷம் நின்று எண்ணுவேன்.
ஏழு.
சில காலை ஆறு.