பதினெட்டு வரி

தாளின் ஒரு பக்கம்தான் அச்சு.
இரு பக்கத்துக்குக் காசு காணாது.
மேலே படம், அடியில் கேத்தில்,
நடுவில் பதினெட்டு வரி.

கேத்தில் சீட்டில் விழுந்த சின்னம்.
மணி கேட்டவ, மரம் கேட்டவ,
கிடைத்தது இது.
"பரவாயில்ல, தேத்தண்ணி வேணாமெண்டு சொல்லுற ஆள்
மட்டக்களப்பில ஆரிருக்கு?"
இராசமலரக்கா குடையை மடக்கி
என் அச்சகக் கதவில் சாத்தினா.

சாமித்தம்பி இராசமலர்.
பிறந்தது நாவலடி. இருப்பது திராய்மடு.
நானாகவே அடுத்த வரியைத் தட்டினேன்:
ஆழிப்பேரலையில் இரு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்.
திரைக்குக் கிட்ட வந்து எழுத்துக்கூட்டி வாசித்தா.
"இதை எடு."
"அக்கா, சனம் இதைப் பார்த்துத்தானே..."
"அதாலதான் சொல்லுறன். எடு."

எடுத்தேன்.
விழுந்த இடைவெளியில் போடச் சொன்னது:
ஐந்தாம் குறுக்கு வடிகான், நூற்றுப்பத்து மீற்றர்,
பதினொரு வருடம், முப்பத்துநாலு கடிதம்.
ஒவ்வொரு கடிதத்தின் திகதியும் சொன்னா,
பிள்ளைகளின் பிறந்தநாள் சொல்லுமாப்போல.
நான் விசைப்பலகையை விட்டுத் தலை நிமிரவில்லை.

படிப்பு?
"எட்டு."
சாதாரண தரம் எண்டு போட்டால் ஆருக்குத் தெரியும்?
"எட்டாம் வகுப்பில என்னோட முப்பது பேர்.
மிச்சமிருக்கிற ஆறு பேருக்கும் தெரியும்."

கணவர்?
மின்விசிறி நாலைந்து சுற்றுச் சுற்றியது.
"காலமானார் எண்டா
சான்றிதழ் எங்க எண்டு கேப்பாங்க.
இருக்கிறார் எண்டா
ஆள் எங்க எண்டு கேப்பாங்க.
வெறுமையா விடு மனே."
விட்டேன். ஐயாயிரம் பிரதியிலும்
அந்த வரி வெள்ளையாகவே வந்தது.
அச்சுப் பிழையென்று
இரண்டு பேர் வந்து என்னிடம் சொல்லிவிட்டும் போனார்கள்.

மேயரைச் சனம் நேரே தெரிவதில்லை,
சபைக்குள் கையுயர்த்தித்தான் தெரிவார்கள் என்று
பெரிய ஆள் மாதிரி விளங்கப்படுத்தினேன்.
"தெரியும். எண்டாலும்
'மேயர் வேட்பாளர்' எண்டதைப் பெரிசாப் போடு.
சின்ன எழுத்தில கேட்டதெல்லாம்
சின்னதாத்தான் தந்தவங்க."

பிறகு ஒரு மாதம்
கல்லடிப் பாலத்தில், கூழாவடியில், பார் வீதியில்
சைக்கிள் கைபிடியில் உண்மையான கேத்தில் தொங்க
அவ போவதைக் கண்டவர்கள் சிரித்தார்கள்.
சிலர் மறித்துத் துண்டு வாங்கினார்கள்.
கொழும்பிலிருந்து வந்த ஒரு நிருபப் பொடியன்
மீன் பாடுகிற ஊருக்கு என்ன செய்வீர்கள் என்றானாம்.
"மீனுக்கு வாக்கில்ல தம்பி.
சப்பாத்தைக் கழட்டிப்போட்டு
எங்கட ஒழுங்கைக்கு வாங்க."
அவன் வரவில்லை.

எழுநூற்றுப் பன்னிரண்டு.
ஆசனம் இல்லை.
அதில் ஒன்று என்னுடையது என்று
இன்றுவரை அவவிடம் சொல்லவில்லை,
ஏனென்று கேட்டால் தெரியாது.

முடிவு வந்த மூன்றாம் நாள் வந்தா,
அதே குடை.
மிச்சக் காசு நாலாயிரத்து ஐந்நூறை
முந்தானை முடிச்சவிழ்த்து எண்ணி வைத்தா,
கழித்துக்கொள் என்று நான் தள்ளிய ஐந்நூறையும்
திருப்பித் தள்ளினா.
விநியோகிக்காத கட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி
ஒரு தாளைப் பின்புறம் திருப்பி
என் மேசையிலேயே இருந்து எழுதத் தொடங்கினா.
முப்பத்தைந்தாவது.

"கௌரவ முதல்வர் எண்டு எழுத
எந்த ள போடுறது?"

சொல்லிக் கொடுத்தேன்.
மெல்லிய தாள். அவவின் எழுத்துக்கு அடியில்
கேத்திலின் மூக்கு கறுப்பாய் ஊறித் தெரிந்தது.
வேறு தாள் தரட்டுமா என்றேன்.
"கிடக்கட்டும்."

மடித்து எடுத்துக்கொண்டு
மாநகரசபைப் பக்கம் நடந்தா.
குடை கதவோடு நிற்கிறது.
நல்ல வைகாசி வெயில்.
மழைக்கு இன்னும் ஐந்து மாதம் கிடக்கு.