பழைய செய்தி

இந்த ஊருக்குக் கரி புதிதல்ல.
ஓஸ்ட்ராவாவில் ஜன்னல் விளிம்பைத் துடைத்த துணி
இன்றும் வெள்ளையாய்த் திரும்புவதில்லை.
ஓல்ட்ரிக் பதினோரு வருடம் குழிக்குள் இறங்கி
வாயு அளந்தவன்.
குழியை மூடினார்கள்.
இப்போது தீயணைப்பான்களில் கரியமில வாயு நிரப்புகிறான்.
வீட்டுக்கும் ஒரு சிலிண்டர் கொண்டுவந்தான்,
இரண்டு கிலோ, சாம்பல் நிறம்,
கழுத்தில் கடிகாரம் போல இரண்டு முகம்.

செடிக்குத்தான், என்றான்.
நூற்றெண்பது லிட்டர் தொட்டி. ஏழாவது மாடி.
விநாடிக்கு இரண்டு குமிழி.
மூன்று மணிக்கு வாயு, நான்குக்கு விளக்கு,
இரவு பதினொன்றுக்கு வாயு மூடு, பன்னிரண்டுக்கு இருட்டு.
குளிர்பெட்டிக் கதவில்
என் டிராம் முறைப்பட்டியலுக்கு மேலே ஒட்டினான்.

எனக்கு மீன்கள்.
செம்மூக்கு டெட்ரா பதினான்கு.
அவனுக்கு அந்தச் செடி,
எவ்வளவு கொடுத்தாலும் இன்னும் கொஞ்சம் சிவக்கும் செடி.
அவன் ஊசி வால்வை ஒரு மயிரிழை திறப்பான்.
நான் காற்றுக்கல்லைப் போடுவேன்.
"மேல்நீரைக் கலக்காதே, நான் ஊட்டுவதெல்லாம்
கூரைக்குப் போகிறது."
"அதுகள் மூச்சு விடட்டும்."
அவன் கல்லை எடுப்பான். நான் வால்வைத் திருகுவேன்.
இவ்வளவு மெல்லிய குரலில்
நாங்கள் வேறு எதற்கும் சண்டை போட்டதில்லை.

மறுக்க மாட்டேன், விளக்கெரிந்த சில மணி நேரத்தில்
இலை விளிம்பெல்லாம் முத்து கோத்து நிற்கும்.
செடி விட்ட மூச்சு,
தண்ணீருக்கு இனிக் கொள்ளாத உயிர்வளி.
இருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம்.
இருட்டியதும் அதே செடி கட்சி மாறும்.
மீனோடு சேர்ந்து அதுவும் இழுக்கும்.

ஜனவரி. மைனஸ் பதினாறு.
ஜன்னல் இடுக்கில் பழைய கம்பளி.
எட்டாம் எண் டிராமை டிப்போவில் விட்டு
ஒன்பதே முக்காலுக்குக் கதவைத் திறந்தேன்.
பதினான்கும் மேலே,
நீரின் தோலில் வாய் வைத்து.
மூக்குச் சிவப்பு வடிந்து
வெந்த உருளைக்கிழங்கு நிறம்.
குமிழி எண்ணும் குப்பியில் எண்ண எதுவுமில்லை,
ஒரே கொதிப்பு.
தீரப் போகிற சிலிண்டர்தான் கையை விரிக்கும்,
மிச்சம் வைத்ததெல்லாம் ஒரேயடியாய்.

கண்ணாடியில் ஒட்டிய சின்னக் குடுவை மட்டும்
பச்சை, பச்சை, எல்லாம் நலம் என்றது.
இலைகளில் முத்தும் அப்படியே.
உயிர்வளிக்குப் பஞ்சமில்லை.
நிறைந்த வீட்டில் மூச்சு முட்டியது.

சிலிண்டரைப் பூட்டினேன்.
கம்பளியைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்தேன்.
காற்றுக்கல், அப்புறம் இன்னொரு காற்றுக்கல்.
வடிகட்டியின் வாயை மேலே தூக்கி
குவளையால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன்,
கோட்டைக் கழற்றாமல், விரல் மரத்துப் போக.
அப்போதுதான் உறைத்தது.
அந்த இரவில் என் கல் எதையும் ஊட்டவில்லை.
போக வேண்டியது போகக்
கதவைத் திறந்து வைத்தது, அவ்வளவே.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் செய்கிற வேலை.

பத்தரைக்கு ஒரு மூக்கில் சிவப்பு.
பிறகு மூன்றில்.
இரண்டு டெட்ரா திரும்பவில்லை.
இறால்களை எண்ண மனம் வரவில்லை.

பதினொன்று இருபதுக்கு ஓல்ட்ரிக் வந்தான்.
வீடு பனிக்கட்டி. தரை முழுக்கத் தண்ணீர்.
தொட்டியில் மீன்கள் நடுநீரில், ஒரே திசை பார்த்து.
குடுவை அப்போதுதான் மஞ்சளாகியிருந்தது,
எலுமிச்சைத் தோலின் மஞ்சள்.
வாயு அளந்தவன் முகம் வெளுத்து
வால்வுக்குப் பாய்ந்தான்.

"விடு," என்றேன். "அது பழைய செய்தி.
இரண்டு மணி நேரம் பிந்தித்தான் அதற்குத் தெரியும்."

குடுவையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
காலையில் சொன்ன ஒன்றுக்கு
அப்போது மன்னிப்புக் கேட்டான்.

தரை துடைக்கத் துணி ஒன்றுதான் இருந்தது.
மாறி மாறிப் பிழிந்தோம்.