உள்ளளவு

வாலிநோக்கம் உப்பளத்தில்
எடைச்சீட்டு எழுதுகிறவன் நான்.
பதினெட்டு வருடமாக
காலையில் ஒன்று, இரவில் இரண்டு
லித்தியம் மாத்திரை.
"இதுவும் ஒரு உப்புதான்" என்றார்
ராமநாதபுரத்து டாக்டர், முதல் நாள்.
எங்கள் ஊரில் உப்புக்கா பஞ்சம்.

அதற்கு முந்தைய ஒன்பது இரவுகள்
நான் தூங்கவில்லை.
கடல் மொத்தம் எத்தனை டன் என்று
வீட்டுச் சுவரில் கரியால் கூட்டினேன்.
பாத்திமுத்துவின் வளையல்களை விற்று
கடலுக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பினேன்.
மச்சான் சீனி அசன்
இடுப்பில் கயிறு கட்டி
ஏர்வாடிக்குக் கூட்டிப்போனான்.
பிறகுதான் ஆஸ்பத்திரி.

மாத்திரை வந்தது.
கடல் கடலாயிற்று.
சுவருக்கு வெள்ளையடித்தோம்.
மகள் பிறந்தாள்.

தாகம் மட்டும் கூடவே தங்கிவிட்டது.
குடம் பன்னிரண்டு ரூபாய் விற்கிற ஊரில்
நான் ஒருவனே ஒரு குடம்.
ராத்திரி ஐந்து தடவை
கருவேலம் புதரடியில் போய் நிற்பேன்.
"காசு குடுத்து வாங்கி மண்ணுக்கு ஊத்துற"
என்பாள் பாத்திமுத்து, கோபமில்லாமல்.

டாக்டர்கள் மாறினார்கள். சீட்டு மாறவில்லை.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கவும் என்று
யாரோ எழுதியிருந்த வரியின் மேல்தான்
மருந்துக்கடையில் முத்திரை குத்துவார்கள்.

கால் வீங்கியபின் மதுரையில் பார்த்தோம்.
கிரியேட்டினின் மூன்று புள்ளி ஒன்று.
டாக்டரம்மா சின்ன வயசு.
காகிதத்தில் இரண்டு அவரைக்கொட்டை வரைந்து
ஒன்றைக் கருப்பாக்கினார்,
மற்றதைக் கிட்டத்தட்ட.
"கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தியாகணும்."
நிறுத்தினால்?
பேனா மூடியைக் கழற்றி மாட்டினார்.
"வேற மருந்து இருக்கு.
உங்களுக்கு ஒத்துக்குதான்னு பார்க்கணும்."
பாத்திமுத்து வளையலைத் தொட்டுப் பார்த்தாள்.
இப்போது போட்டிருப்பது கவரிங்.

தெருவில் கேட்கிறார்கள்:
"உடம்புல உப்பு கூடிப்போச்சாமே?"
ஆமாம் என்கிறேன்.
எந்த உப்பு என்று யாரும் கேட்பதில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
நினைக்கிறேன்.
பதினெட்டு வருடம் என்னை
என் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தது அது.
என் மகளுக்கு அந்தச் சுவர் தெரியாது.
உள்ளளவுதான்
இப்போது எண்ணாகத் தெரிந்துவிட்டது.

இரவு மாத்திரையில் ஒன்றைக் குறைத்து
இன்றைக்கு ஆறாம் நாள்.
நேற்று தூக்கம் வந்தது,
மூன்று மணிக்கு மேல்.
பாலக்காட்டு லாரிக்குச் சீட்டு எழுதினேன்:
பதினாறு டன், இருநூற்று நாற்பது கிலோ.
கூட்டிப் பார்த்தேன். சரி.
லாரி போனபிறகு
மறுபடி கூட்டிப் பார்த்தேன்.