அரைப்பேர்

இரவு பத்தரைக்கு ஜீப்பில் ஏற்றிப் போனார்கள்.
ஹட்டனில் கொரிய எழுத்து வாசிக்க
பேக்கரிக்கு மேலே வகுப்பெடுக்கும்
என்னைத்தான் தெரியும் அவர்களுக்கு.

மேசையில் மதியுகராஜாவின் கொப்பி.
அன்சானில் நாலு வருஷம் தகடு வெட்டியவன்,
போன மாத வேலைநிறுத்தத்தில்
கொழுந்து மடுவத்தின் முன்னால்
முதல் வரிசையில் நின்றவன்.
கடைசிப் பக்கத்தில் வேறொரு கையெழுத்து.
ஒன்பது பேர்.

"இதில் யார் தலைவன்?"
எல்லாரும் செத்தவர்கள் சேர், என்றேன்.
கூட வேலை செய்த கிழவர் பாக்
எழுதிக் கொடுத்திருக்கிறார்,
உங்கள் மலையில் பத்திரமாக இருக்கும் என்று.
நெசவாலைப் பிள்ளைகள்.
சங்கம் கேட்டார்கள்.
ராணுவம் ஆண்ட காலம்.
விசாரணைக்கென்று கூட்டிப் போனது.

"எந்த நாட்டு ராணுவம்?"

உடனே சொல்லியிருக்க வேண்டும்.
தகரத்தில் மழை இரைந்துகொண்டிருந்தது,
கொஞ்சம் ஓயட்டும் என்று இருந்துவிட்டேன்.

பக்கத்து அறையில் அவன் இருமினான்.
சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தின் கீழ்
தமிழில் ஒப்பம்.
'மதியு' வரை வந்து
பேனை இழுபட்டிருந்தது.
பதினெட்டுக் கிலோவுக்குக் குறைந்தால்
அவன் அம்மாவுக்குப் போடுகிற மாதிரி
அரைப்பேர்.

காலையில் மூன்றாம் பாடம்.
பெயருக்குக் கொரிய மொழியில்
'இரும்' என்று பலகையில் எழுதினேன்.
பரீட்சைக்குப் பணம் கட்டிய பிள்ளைகள்
சிரித்தார்கள்.
ஜன்னலோரத்தில் ஒருத்தி
இருமிக் காட்டினாள்.

இன்னொரு தரம், என்றேன்.