நூற்றுப் பன்னிரண்டு

கையில் கட்டியது ஓடும்போது பொய் சொல்லும் என்று
எனக்கு முன்பே தெரியும்.
ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில்
பதினாறு வருடமாக இ.சி.ஜி. எடுக்கிறேன்.
நெஞ்சில் பசை தடவி, ஆறு குமிழ் ஒட்டி,
"அசையாதீங்க" என்று சொன்ன பிறகுதான்
கட்டம் போட்ட தாளில் கோடு ஒழுங்காக வரும்.

ஓடுகிறவர் மணிக்கட்டில் ஒரு பச்சை வெளிச்சம்,
தோலுக்கடியில் ரத்தம் வந்து போவதை
எட்டிப் பார்த்து எண்ணுகிறது.
வார் தளர்ந்தால் வெயில் உள்ளே புகும்.
குளிர்ந்த காலையில் ரத்தமே அந்தப் பக்கம் வராது.
சில நாள் கணக்குத் தவறி
காலடியை எண்ணத் தொடங்கிவிடும்.

எண்ணூறு மீட்டர்காரி அபிஷா
மார்பில் பட்டையும் கையில் வாட்சும் கட்டி வருவாள்.
நாகர்கோவில் ஸ்டேடியத்தில், மூன்றாவது சுற்றில்,
பட்டை நூற்று நாற்பத்தொன்று என்றது.
வாட்ச் நூற்று எழுபத்தாறு.
"அக்கா, நடுவுல உள்ள முப்பத்தஞ்சு யாருக்க?"
உன் ஷூவுக்க, என்றேன்.

நேசையன் அண்ணாச்சியிடம் இதெல்லாம் செல்லாது.
ரிட்டயர்டு கண்டக்டர்.
வடசேரியிலிருந்து குலசேகரம் வரை
முப்பது வருடம் தலை எண்ணியவர்.
தோஹாவிலிருந்து மகள் அனுப்பிய வாட்சை
குளிக்கும்போதும் கழற்றமாட்டார்.
வேகநடை முடிந்ததும் கையை நீட்டுவார்:
"தொண்ணூத்தெட்டு. எப்படி?"
ஒரு நாள் அவர் கழுத்தில் இரண்டு விரல் வைத்து
பதினைந்து நொடி எண்ணி, நாலால் பெருக்கி,
நூற்று இருபத்துநாலு, அண்ணாச்சி, என்றேன்.
"பாக்கிச் சில்லறை
எறங்கும்போ வாங்கிக்கோ" என்று சிரித்தார்.

ஆனி மாதம். சாரல் விட்ட ஒரு செவ்வாய்.
குழாயடியில் மடிந்து உட்கார்ந்தார்,
பிறகு உட்காரவும் இல்லை.
கழுத்தில் வைத்த என் விரலுக்கு
ஒன்றும் வரவில்லை.
அபிஷா நூற்றெட்டுக்கு அடித்தாள்.
நான் முட்டி போட்டேன்.
உள்ளங்கை மேல் உள்ளங்கை,
முழங்கை மடங்காமல்,
ஒண்ணு, ரெண்டு, மூணு,
விலாவில் ஏதோ முறிந்தது,
நாலு, அஞ்சு.

புல்லில் கிடந்த அவர் கை
ஒவ்வொரு அழுத்தலுக்கும் கொஞ்சம் துள்ளியது.
பச்சை வெளிச்சம் அணையவில்லை.
பார்த்திருக்கக் கூடாது, பார்த்தேன்:
112.
நல்ல, ஆரோக்கியமான எண்.
சுற்றி நின்றவர்களில் ஒருவர் குனிந்து படித்துவிட்டு
"துடிப்பு இருக்கே,
ஏன் போட்டு இப்படி அமுக்குறீங்க?" என்றார்.
அவருக்குப் பதில் சொல்ல
என்னிடம் மூச்சு இல்லை.

வெட்டூர்ணிமடம் பக்கமிருந்து சைரன் வந்தது.
வண்டிக்குள் இரண்டு முறை ஷாக் கொடுத்தார்கள்.
இரண்டாவதற்கு இதயம் இசைந்தது.

ஆவணியில் வந்தார்,
நடக்க அல்ல, படிக்கட்டில் உட்கார.
போனைத் திறந்து காட்டினார்.
"நான் செத்துக் கெடந்தேன்னு எல்லாரும் சொல்லுதாவ.
இங்க பாரு மக்களே,
ஆறு இருவத்தெட்டுலேருந்து நாப்பது வரைக்கும்
நூத்திப் பன்னெண்டு, நூத்திப் பன்னெண்டு.
எனக்க நெஞ்சு நிக்கவே இல்ல."
டாக்டரிடமும் காட்டினாராம்.
அவர் ஒன்றும் சொல்லவில்லையாம்.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும்.
நடுவில் ஒரு சின்னப் பள்ளம்:
அங்கேதான் அபிஷாவும் நானும் இடம் மாறினோம்.
அதற்குப் பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது.
அவளுக்குப் பத்தொன்பது வயது.
வாழ்நாளில் எத்தனையோ கோடு எடுத்தாயிற்று,
என் தோளும் மூட்டும் வரைந்த கோடு
இது ஒன்றுதான்.
அது அவர் பெயரில் இருக்கிறது.
இருக்கட்டும்.

"வாரை இன்னும் ஒரு ஓட்டை இறுக்கிக் கட்டுங்க" என்றேன்.
கட்டினார்.
கேட்காமலே கழுத்தை நீட்டினார்.
பதினாறு. நாலால் பெருக்கினால் அறுபத்துநாலு.
வாட்சில் அறுபத்துமூன்று.

சில்லறையைப் பற்றி
இருவரும் பேசவில்லை.