மயிரிழை

பாலையூற்று. கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது ஒழுங்கை.
ஓட்டோக்காரனிடம் "வாள் இருக்கிற வீடு" என்று
சொல்ல முடியுமா?
"பிலோமினா ரீச்சர் வீடு" என்றேன்.

எனக்குத் தொழில் பல் கட்டுவது.
மெழுகு, பிளாஸ்டர், கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி.
மற்றது பைத்தியம்: பழைய யப்பான் வாள்கள்.
பதினெட்டு வருடத்தில் ஐந்து வாங்கினேன்.
மூன்று பொய்.
அந்த மூன்றுக்குத்தான் கூடக் கொடுத்தேன்.

மேசையில் சேலை, சேலைக்குள் சாக்கு,
சாக்குக்குள் எண்ணெய்த் தாள், அதற்குள் அது.
மாமனார் டொக்யாட்டில் கிரேன் ஓட்டினவர்.
ஐம்பத்தேழில் கொடியை இறக்கிப் போகையில்
வெள்ளைக்கார அதிகாரி ஒருவன்
கட்டிலையும் நாயையும் இதையும் விட்டுப் போனான்.
"கட்டில் இருக்கு. நாய் செத்துப்போச்சு."

உறை போர்க்காலத்து உறை, தோல் உரிந்தது.
பிடியில் பித்தளைப் பூக்கள்,
தொழிற்சாலையில் ஆயிரமாயிரமாய் அடித்தவை.
இந்த இடத்தில் பலர் எழும்பிப் போவார்கள்.
நான் மூங்கில் ஆணியைத் தட்டினேன்.
ஆணி பிளந்தது. பிடி கழன்றது.

உள்ளே, யாரும் பாராத அலகின் வேர்
கறுத்துக் கிடந்தது.
சிவப்புத் துரு நேற்றுப் பிறந்தது;
இது விரலில் ஒட்டாத கறுப்பு, பழம் பனங்கட்டி.
இரண்டு துளைகள். யாரோ ஒருவன்
நீளத்தைக் குறைத்து
தன் உயரத்துக்கு அளவாக்கியிருக்கிறான்.
முந்நூறு வருடம் என்று வாய்க்குள் சொன்னேன்.
வெளியே சொன்னால் விலை ஏறும்.

யன்னலுக்குச் சரித்துப் பிடித்தேன்.
கூரோரம் வெண்புகையாய் ஒரு வரி,
கொட்டியாரக் குடாவில் விடிய முன்
அலை நனைத்துவிட்டுப் போகும் ஓரம் போல.
அமிலத்தால் வரைந்த வெண்மை படுத்தே கிடக்கும்;
இது மணி மணியாய் எழும்பி மினுங்கியது.
என் கை நடுங்கியதை ரீச்சர் பார்த்துவிட்டாள்.

"இந்தக் குழிகள்?"
"கிணறு. சுற்றிவளைப்பு நேரம்.
கத்தரிக்கோலையே ஒளிச்ச காலம், தம்பி,
மூன்றடி வாளை எங்க வைக்கிறது?
பதினொரு நாள் உள்ளே கிடந்தது.
தண்ணியை நாங்கள் குடிச்சுக்கொண்டுதான் இருந்தனாங்கள்."

"நுனிக்குக் கிட்ட இந்த உடைவு?"
"என்ர மனுசன். நத்தாருக்கு மாட்டெலும்பு."

குழியைத் தேய்க்கலாம். உடைவையும் தேய்க்கலாம்.
எந்தப் பல்லையும் கைவிடாதவன் நான்.
ஆனால் உடைவின் அடியிலிருந்து
கூருக்குக் குறுக்கே ஒரு கோடு
உள்ளே போயிருந்தது.
கண்ணாடி வைத்தால் உண்டு, எடுத்தால் இல்லை.
மூன்று முறை துடைத்தேன், அழுக்காய் இருக்கட்டும் என்று.
அழுக்கில்லை.

"இரும்பு விலை, ரீச்சர்."

அவள் நம்பவில்லை. நானும் அவள் இடத்தில் நம்பியிரேன்.
கண்ணாடியை வாங்கிக் குனிந்தாள்,
கொப்பியில் பிழை தேடும் பழக்கத்தோடு,
நெடுநேரம்.
"அப்ப இதால வெட்டினா?"
"முறியும். ஓரடி தாங்காது."
"ஆளை?"
"ஏலாது."
நிமிர்ந்தாள். தோள் இரண்டும் இறங்கின.
"அப்ப வீட்டிலயே இருக்கட்டும்."

கராம்பு எண்ணெய் பூசினேன்.
"பல்லுக்கொதி மணக்குது" என்று சிரித்தாள்.
பிளந்த ஆணிக்குப் பதில் கேட்டேன்;
வெடித்த புட்டுக்குழல் ஒன்றைக் கொண்டுவந்தாள்.
சீவிய முதல் ஆணி பெரிது. இரண்டாவது இறுகிற்று.
காசு வாங்கவில்லை. கீழ்க்கடைவாய் ஒன்று ஆடுதாம்,
செவ்வாய் வருகிறாள்.

இரவு என் ஐந்தையும் இறக்கினேன்.
வயது பார்க்கவில்லை, கையொப்பம் பார்க்கவில்லை.
கூரோரம் மட்டும், விரல் விரலாய்,
அந்தக் கோட்டைத் தேடினேன்.
ஒன்றிலும் இல்லை.
பொய் மூன்றும்கூட
நன்றாக வெட்டும்.